மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுபவர் பழைய மேனுவல் எஸ்யூவி வாங்கும் முன்

என் முதல் வண்டி என்னிடம் இருந்த பதினான்கு மாதங்களில் 41 நாட்கள் பட்டறையில் நின்றது. சொட்டுநீர்க் குழாய் போட்ட தோட்டங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலை. ஈரோட்டில் கிளம்பினால் ஒருநாள் தாராபுரம், மறுநாள் ஒட்டன்சத்திரம், வாரத்தில் ஒருமுறை திம்பம் ஏறித் தாளவாடி. வண்டி நின்றாலும் வேலை நிற்காது. 41 நாட்களில் 26 நாட்கள் வாடகைக் கார் பிடித்தேன். அதற்கு மட்டும் 65,000 ரூபாய் போனது. பழுது பார்த்த செலவு அதற்கு மேல் 88,000.

இரண்டாவது வண்டியை இரண்டு மாதம் தேடி, 96,000 கிலோமீட்டரில் வாங்கினேன். இரண்டரை ஆண்டு கழித்து இப்போது 2,14,000. சர்வீஸ் நாட்களை விட்டுவிட்டால், அது நின்றது மொத்தம் ஒன்பது நாள். முதல் முறை நான் விலையையும் பெயின்ட்டையும் பார்த்தேன். இரண்டாம் முறை, இந்த வண்டி எத்தனை நாள் என்னை வீட்டில் உட்கார வைக்கும் என்று பார்த்தேன். நீங்களும் அந்தக் கண்ணோடு இதைப் படியுங்கள்.

1. ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

வண்டி தேடுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், அதில் நெடுஞ்சாலை எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு, மண் பாதை எவ்வளவு என்று குறியுங்கள். டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு இந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான டீசல் வண்டி என்றால் பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்தது. இவற்றில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரே சீரான வேகத்தில் சிறிது நேரம் சூடாக ஓட வேண்டும். தினமும் இருபது கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், பிறகு பட்டறைதான். உங்கள் ஓட்டம் அப்படியென்றால் டீசல் வேண்டாம். நெடுஞ்சாலை ஓட்டம் பாதிக்கு மேல் இருந்தால் தாராளமாக டீசல் எடுக்கலாம்.

செலவுக் கணக்கு இது: லிட்டருக்கு 13 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், 4,000 கிலோமீட்டருக்கு மாதம் சுமார் 28,300 ரூபாய். டயர், ஆயில், கிளட்ச் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் தனியே எடுத்துவைக்கிறேன். அது மாதம் 6,000. ஆகக் கிலோமீட்டருக்கு எட்டரை ரூபாயைத் தாண்டுகிறது. கடன் தவணையும் இன்சூரன்ஸும் இதில் சேரவில்லை. நிறுவனம் உங்களுக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டரை ரூபாய்க்குக் கீழ் தந்தால், வண்டி வாங்குவதைவிட மேலாளரிடம் பேசுவதுதான் முதல் வேலை.

2. மெக்கானிக்கைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாடலை

நான் முதலில் வாங்கியது ஊரில் யாரும் அதிகம் வைத்திராத மாடல். ஓட்டுவதற்கு அருமை. மண் பாதையில் மிதந்து போகும். கிளட்ச் போனபோது உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர பதினோரு நாட்கள் ஆயின. கழற்றிப் பார்த்தால் டூயல் மாஸ் ஃபிளைவீலும் போயிருந்தது. எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் சுழலும் கனமான சக்கரம் அது; அதிர்வைக் குறைக்க இரண்டு துண்டாகச் செய்து இடையே ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். சாதாரண ஃபிளைவீல் உள்ள வண்டியில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றிக் கூலியும் கொடுத்தால் வேலை முடிந்தது. இரண்டாவது வண்டியில் எனக்கு அது 13,500. முதல் வண்டியில் ஃபிளைவீலோடு சேர்த்து 47,000.

ஆகவே நீங்கள் வாரந்தோறும் போகும் தடத்தில் உள்ள மூன்று பட்டறைகளுக்குப் போங்கள். வாசலில் எந்த வண்டி அதிகம் நிற்கிறது என்று பாருங்கள். அதிகம் நிற்பது அடிக்கடி கெடுவதால் என்று நினைக்காதீர்கள். அந்த வட்டாரத்தில் அதிகம் ஓடுவதால் நிற்கிறது. பாகம் அன்றைக்கே கிடைக்கிறது என்றும் அர்த்தம். மெக்கானிக்கிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

எஞ்சினில் டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் நிறுவனம் சொன்ன கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். ரெனோ டஸ்டரின் 1.5 டீசல், பழைய இன்னோவாவின் 2.5 டீசல் எல்லாம் பெல்ட். ஹூண்டாய் கிரெட்டாவின் 1.6 டீசல், மாருதி பிரெஸ்ஸாவின் 1.3 டீசல் செயின். பெல்ட் என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை. மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

டூயல் மாஸ் ஃபிளைவீல் இருக்கிறதா? இருந்தால் கிளட்ச் செலவு மூன்று மடங்கு என்று வையுங்கள்.

கிளட்ச் செட்டும் வாட்டர் பம்பும் எத்தனை நாளில் வரும்? "இரண்டு நாள்" என்ற பதிலுக்கு மேல் போனால் அந்த மாடலை மறந்துவிடுங்கள்.

அந்த மாடலின் உற்பத்தி நின்றுவிட்டதா? ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஊரில் அந்த வண்டிக்குப் பழகிய கை இருந்தால் நல்ல பேரம்தான். இல்லையென்றால் விலை குறைந்ததில் பயனில்லை.

எஞ்சின் அளவையும் பாருங்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரை உள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1,500 சிசியைத் தாண்டினால் 7,897. இரண்டுக்கும் மேல் ஜிஎஸ்டி. பொலேரோவின் 1,493 சிசி எஞ்சின் முதல் வகையில் வரும், 2.2 லிட்டர் ஸ்கார்பியோ இரண்டாவதில்.

3. மீட்டர் காட்டும் எண்ணை மூடிவைத்துவிட்டு வண்டியைப் பாருங்கள்

என் முதல் வண்டியின் மீட்டர் 78,000 காட்டியது. ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பு நைந்து, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாக இருந்தது. "நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெடல் ரப்பர், கியர் குமிழ், ஸ்டியரிங்கின் மேல் பகுதி, இருக்கை விளிம்பு ஆகிய நான்கும் மீட்டருடன் ஒத்துப்போக வேண்டும். பழைய மீட்டருக்குப் புத்தம்புதிய பெடல் ரப்பரும் சந்தேகத்துக்குரியதுதான். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரித்தது. 2018 வண்டி, மீட்டர் 35,000, ஆனால் ஐந்து டயரும் 2022 என்றால், முதல் செட் டயர் எப்படி அதற்குள் தேய்ந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்கு விற்பவரையும் அழைத்துப் போய், பதிவு எண் சொல்லிச் சர்வீஸ் வரலாற்றை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருகையிலும் மீட்டர் எண் பதிவாகியிருக்கும். விற்பவர் வர மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதிகம் ஓடிய வண்டி என்றாலே பயப்படாதீர்கள். நான்கு ஆண்டுகளில் நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி, எட்டு ஆண்டுகளில் ஊருக்குள் 50,000 ஓடிய வண்டியைவிட உள்ளே ஆரோக்கியமாக இருக்கும். ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலும் கிளட்சைத் தின்கிறது. என் இரண்டாவது வண்டியை மூன்று பேர் "கிலோமீட்டர் அதிகம்" என்று விட்டுப் போயிருந்தார்கள். பில்கள் முழுவதும் கோப்பில் இருந்தன.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் கவனியுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். மிதியடியைத் தூக்கித் தரை விரிப்பின் கீழே கைவிட்டுப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

4. எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளப்பச் சிரமப்படும் வண்டியை முன்பே சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் நியூட்ரலில் நிறுத்திக் காது கொடுங்கள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வரும் சத்தம் கியர் பாக்ஸின் உள்ளே இருக்கும் பேரிங். முதலாவது சில ஆயிரம். இரண்டாவது கியர் பாக்ஸையே பிரிக்க வைக்கும். எஞ்சினை அணைக்கும் நொடியில் கடகடவென்று அதிர்ந்து நின்றால் டூயல் மாஸ் ஃபிளைவீலைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது.

இனி சாலைக்கு. ஐந்து நிமிடச் சுற்று போதாது, ஒரு மணி நேரமாவது கேளுங்கள். ஆள் இல்லாத நேர்சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். எஞ்சின் சுழற்சி முள் மேலே ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரப்பு வந்தால், கியர் மாறும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. பின்சக்கர இழுப்பு வண்டியில் கிளம்பும்போது கீழே "டக்" என்று ஓர் அடி விழுந்தால், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் ஜாயின்ட் கிராஸ் தளர்ந்திருக்கிறது. இது சின்ன வேலை, பயப்படாமல் விலை குறையுங்கள். வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தால் டிஃப்ரன்ஷியல், அதாவது பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி. அது சின்ன வேலை இல்லை.

முடிந்தால் ஓர் இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது கியரில் காலை எடுத்து இறங்கும்போது கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஒருமுறை துள்ளியது எனக்கு. பிரேக் மட்டும்தான் கையில் இருந்தது. அன்று முன்னால் லாரி எதுவும் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

5. பணம் கைமாறும் முன் காகிதங்கள்

முதல் வண்டியில் எஞ்சினைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். விற்றவர் கடனை அடைத்துவிட்டார். வங்கிக் கடிதத்தையும் காட்டினார். ஆர்சியில் மட்டும் கடன் பதிவு நீக்கப்படவில்லை. கடிதத்தின் செல்லுபடிக் காலம் முடிந்திருந்தது. புதிய கடிதம் வாங்க அவர் மூன்று மாதம் இழுத்தார். அதுவரை வண்டி அவர் பெயரில், இன்சூரன்ஸ் அவர் பெயரில், ஓட்டுவது நான்.

நீங்கள் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு உரிமையாளர், கடன் பதிவு, இன்சூரன்ஸ் முடியும் நாள், பதிவு முடியும் நாள், புகைச் சான்று அனைத்தையும் பாருங்கள். நிலுவை அபராதங்களை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதிகம் ஓடுபவர் பத்து வயதைத் தாண்டிய வண்டியை வாங்காமல் இருப்பது நல்லது.

கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வந்து, ஆர்சியில் நீக்கம் முடிந்த பிறகே மீதிப் பணம். சான்று வழக்கமாக மூன்று மாதம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரு தரப்பு அடையாள, முகவரிச் சான்று, பான் எண். நீங்கள் கடனில் வாங்கினால் படிவம் 34-உம் சேரும். விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். தரகர் ஐயாயிரம் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவர் எல்லாப் படிவத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், "நீங்களே மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு, பெயர் மாற்றும்வரை வராது. இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக விற்றவருக்குக் கிடைத்த போனஸ் தள்ளுபடி அவருடனே போய்விடும், வண்டியோடு வராது. ஆகவே அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இதை முன்பே கணக்கில் சேருங்கள்.

வேறு மாநில வண்டி மலிவாக இருக்கும். டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால் அங்கிருந்து வருபவை இன்னும் மலிவு. படிவம் 28 தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு வரி, புதிய எண், அலைச்சல் எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். நான் ஒரு வண்டிக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கடைசியாக ஃபாஸ்டாக். விற்பவர் தன்னுடையதை மூடினால்தான் உங்கள் பெயரில் புதியது கிடைக்கும். பிறகு ஆண்டுப் பாஸ் எடுங்கள்: 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது, ஓராண்டு அல்லது 200 பயணம், எது முந்துகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு மட்டும், சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். வெள்ளைப் பலகை வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றிவிட்டு விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

6. முதல் வாரத்துக்கு 25,000 ரூபாய் ஒதுக்குங்கள்

விற்றவர் "இப்போதுதான் சர்வீஸ் செய்தேன்" என்பார். இருக்கட்டும். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், இவற்றோடு பலரும் மறக்கும் கியர் ஆயில், டிஃப்ரன்ஷியல் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கியர் ஆயிலை வடிக்கும்போது அருகில் நில்லுங்கள். மெல்லிய இரும்புத் தூள் இயல்பு. நகக் கீற்று அளவு துண்டுகள் வந்தால் பல் உடைந்திருக்கிறது. டிபிஎஃப் உள்ள வண்டிக்குக் கையேட்டில் குறிப்பிட்ட குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் இருப்பதைக் கொடுப்பார். டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

7. இடது காலைப் பழக்குங்கள்

கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுங்கள். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கைப் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. கியர் குமிழில் கையை ஊன்றி வைப்பதும் உள்ளே கியரைத் தள்ளி மாற்றும் ஃபோர்க்கைத் தேய்க்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கியரில் காலை எடுத்து இறங்கும்போது எஞ்சினுக்கு டீசலே போவதில்லை.

சர்வீஸைத் தேதி பார்த்துச் செய்யாதீர்கள். "பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு" என்று கையேடு சொன்னால், உங்களுக்கு அது இரண்டரை மாதம். ஆண்டுக்கு ஐந்து முறை ஆயில் மாற்ற வேண்டும். டீசல் ஃபில்டரில் சேரும் நீரை ஒவ்வொரு முறையும் வடிக்கச் சொல்லுங்கள்.

8. நோட்டை மூடிவிடாதீர்கள்

முதல் படியில் தொடங்கிய அதே நோட்டில் தொடர்ந்து எழுதுங்கள்: தேதி, இடம், மீட்டர், டீசல், பழுது, நின்ற நாள். அலுவலகம் பயணச் செலவுக்குச் சான்று கேட்டால் இது உதவும். சொந்தத் தொழில் செய்பவர் வருமான வரியில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் காட்டலாம். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான்.

மைலேஜ் திடீரென்று லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் முதலில் டயர் காற்று, அடுத்து ஏர் ஃபில்டர், பிறகு பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் மாதாமாதம் அரை லிட்டர் குறைந்தால் கசிவைத் தேடுங்கள்; ஊற்றிக்கொண்டே ஓடாதீர்கள்.

"நின்ற நாள்" கட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுகிறேன். டயர், கிளட்ச் போன்ற தேய்மான வேலைகளைச் சேர்ப்பதில்லை. அவற்றை விட்டுவிட்டும் ஐந்து நாளைத் தாண்டினால் விற்பனைக்குப் படம் எடுக்கத் தொடங்கிவிடுவேன். போன காலாண்டில் ஒரு நாள்: ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்து மூலனூர் அருகே நின்றேன். பின்பெட்டியில் உபரி பெல்ட் இருந்தது. அதைக் கழற்றி மாட்டும் ஸ்பேனர் இல்லை. இரண்டையும் சேர்த்து வையுங்கள்.